ஏறும்போது இரண்டு, இறங்கும்போது ஒன்று

"பனிமலையிலை ஏறேக்கை எப்பிடி எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?"

மேர்வின் கேட்டதும் பிரியந்தி வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"பலகையை ரெண்டாப் பிரிச்சு, காலுக்கு ஒண்டாப் பூட்டுறது. பின்னாலை வழுக்காமல் இருக்க அடியிலை சொரசொரப்பான பட்டி ஒட்டுறது. அகலப் பலகை எண்டபடியால் புதுப்பனியிலை புதையாது."

"இறுகின பனியிலை?"

"அங்கை அந்த அகலம்தான் கரைச்சல். சரிவிலை குறுக்கை போகேக்கை விளிம்பு பிடிக்காது, கணுக்கால் நோகும்."

"இறங்கேக்கை?"

"ரெண்டையும் சேத்து ஒரே பலகையாக்கி, பக்கவாட்டிலை நிண்டு சறுக்கிறது. பூப்போலப் பனியெண்டால் முன்பக்கம் மிதக்கும். ஆனால் திருப்பினால் கொஞ்சம் சுணங்கித்தான் திரும்பும்."

மேர்வின் திருப்தியோடு தலையாட்டிவிட்டு, தாளில் அந்தக் கேள்விக்கு நேரே சரி போட்டான்.

மறுநாள் குடிவரவு அலுவலகத்தில், அவள் இங்கேயே தங்குவதற்கான விசாவுக்கு நேர்முகம். மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. படம் பார்த்து, பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம். பதினைந்தே நாள் சேர்ந்திருந்துவிட்டு அவன் ஓக்லாந்துக்குத் திரும்பிவிட்டான். மன்னாரிலிருந்து அவளும் அவளுடைய பத்திரங்களும் வெளியே வருவதற்குள் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. விசிட்டர் விசாவில் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

இப்படிப்பட்ட கலியாணத்தை வெள்ளைக்காரன் நம்பமாட்டான் என்று பக்கத்து வீட்டு இராசநாயகம் பயமுறுத்தியிருந்தார். புருசனையும் பெண்சாதியையும் தனித்தனியே வைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்களாம், பதில் பொருந்தாவிட்டால் அடுத்த விமானமாம். அவரிடம் மனைவியின் பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம் என்று கேட்டார்களாம். மனிதர் இன்றுவரை அந்த நிறத்தை மறக்கவில்லை.

ஆகவே ஓக்லாந்தின் புறநகரான மனுரேவாவில் அந்த வாடகை வீட்டுக் குசினி பள்ளிக்கூடமாகிவிட்டது. அவனுடைய பொழுதுபோக்கு என்ற பாடத்துக்குத்தான் இந்தப் பனிச்சறுக்குப் பலகை. தச்சு வேலை செய்பவன் அல்லவா, புத்தம் புது ஸ்னோபோர்டை வாங்கி, நடுவால் வாளால் அறுத்து, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பூட்டுகளை வைத்துத் தானே பொருத்தியிருந்தான். நல்ல சாமானை அறுத்துக் கெடுத்த விசரன் என்று சனம் சிரித்ததாம்.

மற்ற நேரத்தில் அவன் வாயில் இரண்டு சொல் சேர்ந்து வராது. பலகையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும், கை தானாக அசையும். பிரியந்தி கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தவள். என்ன பாட்டுப் பிடிக்கும் என்று அவன் கேட்டான்தான், ஆனால் அது தாளில் பதினேழாவது கேள்வி. கேட்டு, எழுதி, சரி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டான்.

ஒரு மரப்பலகை மேல் தனக்குப் பொறாமை வந்ததை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது உண்மை. இந்த மனிதன் அந்த மலையைப் பற்றிக் கதைப்பதில் கால்வாசியாவது தன்னைப் பற்றிக் கதைக்கமாட்டானா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பனிக்காலம் வந்தும் அவன் மலைக்குப் போகவில்லை. போயிட்டு வாங்கோ என்று சனிக்கிழமை தோறும் சொல்லிப் பார்த்தாள். வெயில் கண்ணைக் கூசும் நாளிலும் காலநிலை சரியில்லை என்றான். தன்னால்தான் அவன் கால் கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று நினைத்து அவள் கண்ணீரை அடக்கிக்கொண்டாள்.

நேர்முகத்தில் அவளுக்கு மொழிபெயர்க்க பங்கஜம் என்ற மதுரை அம்மா வந்திருந்தார். பிரஷின் நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம், பிடித்த சம்பல் எல்லாம் ஒழுங்காகப் போயின. பலகை ஏறுவதையும் இறங்குவதையும் அவள் ஒப்பித்த வேகத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார். உன் கணவர் ஏன் மலைக்குப் போகிறார்?

அவள் யோசிக்கவே இல்லை. "அவருக்கு மலையெண்டால் உயிர். அங்கை போனால் வேறை ஒருத்தரும் அவருக்கு நினைப்பிலை இல்லை."

மேர்வினை உள்ளே கூப்பிட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். பிறகு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"ஒரே ஒரு பதில்தான்மா ஒத்துப்போகல" என்றார் பங்கஜம்.

பிரியந்தி அதிகாரியின் தாளை எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் பாடமாக்கி, கடைசியில் தானே கெடுத்துவிட்டாளா? மேர்வின் தலை நிமிரவில்லை. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"பயப்படாதீங்க, விசா உண்டுங்கிறார். மனப்பாடம் பண்ணிட்டு வந்து நாடகம் ஆடுறவங்களுக்கு எல்லாமே ஒத்துப்போகுமாம். ஆனா மலைக்கு ஏன் போறீங்கன்னு கேட்டதுக்கு உங்க வீட்டுக்காரர் சொன்னதை உங்ககிட்ட சொல்லச் சொல்றார்."

அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். பங்கஜம் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகத் தமிழாக்கினார்.

"'எனக்குக் குளிரே ஆகாது சார். மூணு வருஷமா அவ வரல, சனி ஞாயிறு அவ இல்லாத வீட்டுல இருக்க முடியாமத்தான் மலைக்கு ஓடினேன். இப்ப அவ வந்துட்டா, இனிமே நான் எதுக்கு சார் போகணும்?'"