எட்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

சாக்பீஸ் என் உள்ளங்கை வியர்வையில் நனைந்துவிட்டது.

கரும்பலகையில் Cs என்று எழுதி, அதன் தலைமேல் 137 போட்டிருந்தார் ஒகவாரா டீச்சர். இந்த அணுவுக்குள் எது எது எத்தனை இருக்கிறது என்று நான் எழுத வேண்டும்.

தலைமேல் இருப்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த தொகை. எழுத்தைச் சுவரில் தொங்கும் அட்டவணையில் தேடினால் புரோட்டான் எத்தனை என்று தெரியும். கழித்தால் மிச்சம் நியூட்ரான். எலக்ட்ரான், புரோட்டானுக்குச் சமம்.

அட்டவணையில் Cs பக்கத்தில் 55. நூற்று முப்பத்தேழில் ஐம்பத்தைந்து போனால் எண்பத்திரண்டு.

55, 82, 55.

பின்னாலிருந்து கைதட்டினார்கள். இந்தச் சனிக்கிழமை மதிய வகுப்பில் நாங்கள் ஏழு பேர், சின்ன வயதில் பள்ளிக்கூடம் வாய்க்காதவர்கள். எனக்கு அறுபத்திரண்டு வயது. மண்வெட்டி பிடித்த விரல்கள், சாக்பீஸை ஒடிக்காமல் பிடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

சீசியம் எனக்குப் பழைய ஆள்தான். கடலோரத்து அணு உலைகள் வெடித்த வருடம் அங்கே சேறு அள்ளப் போனவன் நான். ஹிசாவோவும் நானும் ஒரே வேனில் போவோம்.

இப்போது ஹிசாவோ இல்லை. ரத்தத்தில் வந்த நோய்.

அது வேலையால் வந்ததுதான் என்று காட்டினால் அவன் மனைவி ஃபுசாயேவுக்கு உதவித்தொகை உண்டு. காட்ட ஒன்றும் இல்லை. மார்பில் மாட்டிக்கொள்ளச் சொன்ன கதிர்மானியை நாங்கள் வேனிலேயே கொக்கியில் தொங்கவிட்டுவிட்டுத்தான் இறங்குவோம். வருட அளவு நிரம்பிவிட்டால் வேலை கிடையாது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் ஹிசாவோவின் கதிர்வீச்சுப் பதிவேட்டில் இருப்பது வேன் வாங்கிய அளவு.

ஆகவே கூட வேலை செய்தவன் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் வேண்டும். அந்த வேனில் போன நாலு பேரில் இன்னும் இந்த ஊரில் இருப்பவன் நான் மட்டும்தான்.

"யாரையாவது எழுதச் சொல்லுங்க. நீங்க உங்க பேர் முத்திரையைக் குத்தினா போதும்" என்றாள் ஃபுசாயே. நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

ஒன்றரை வருடம் காத்திருக்கிறாள். வரும்போதெல்லாம் உலர்ந்த பெர்சிமன் பழம் கொண்டு வருவாள். அவள் போன பிறகு அதைப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். எனக்கு இறங்காது.

வாக்குமூலம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். எழுதிய மூன்று தாளும் பையில் இருக்கின்றன. இரண்டு இடம் மட்டும் காலி.

டீச்சர் பலகையைத் துடைத்து அடுத்த கணக்கைப் போட்டார். தலைமேல் அதே 137.

சட்டென்று எழுதினேன். 55, 82, 55.

வகுப்பு சிரித்தது.

"அண்ணே, நேத்து ஏத்துன சாக்கே போதை இன்னும் எறங்கலையா?" என்று கேட்டாள் மீன் ஆலையில் வேலை செய்யும் மாரிதெஸ்.

டீச்சர் சிரிக்கவில்லை. "நிஹெய்-சான், எண்ணை மட்டும் பாத்துட்டீங்க. பக்கத்துல எழுத்து மாறியிருக்கு, பாருங்க."

Ba என்று இருந்தது. அட்டவணையில் அதற்கு 56. எண் அதேதான், பொருள் வேறு.

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

எண்ணை மட்டும் பார்ப்பது. அன்றைக்கும் அதுதான் நடந்தது.

மழைநீர்க் கால்வாயில் வேலை. இறங்கும் முன் எங்களில் ஒருவன் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை உள்ளே நீட்டி, என்ன காட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக நாற்பது, ஐம்பது என்று வரும்.

"எட்டு!" என்று கத்தினான் மீட்டர் பிடித்தவன்.

"எட்டுதானா? எங்க வீட்டுப் பூனை வயசுடா!" முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே ஹிசாவோ முதல் ஆளாக இறங்கினான். இறங்கியவன் மதியம் வரை மேலே ஏறவில்லை. மற்றவர்கள் வாளியை இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் தன் சோற்றுருண்டையைப் பிட்டு, புளிப்புப் பிளம் இருந்த பாதியை மீட்டர் பிடித்தவனுக்குக் கொடுத்தான். நல்ல இடமாகப் பார்த்துச் சொன்னதற்கு.

மீட்டரில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து உண்டு. வால் தொங்கும் எழுத்து, μ, என்றால் சின்ன அளவு. இரண்டு வளைவு உள்ள எழுத்து, m, என்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு. அளவைகள் பாடம் நடந்த அன்றுதான் இது எனக்குத் தெரிய வந்தது. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை, கண்ணாடியில் ஒட்டிய சேறு.

வாக்குமூலத்தில் எட்டு என்று எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஃபுசாயே கேட்கும்போதெல்லாம் நினைவில்லை என்றே சொல்லி வந்தேன்.

"பரவால்ல, அழிச்சிட்டு எழுதுங்க" என்றார் டீச்சர்.

அழித்தேன். 56, 81, 56. இந்த முறை யாரும் கைதட்டுவதற்குள் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பையிலிருந்து தாள்களை எடுத்து, எட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வளைவு போட்டேன். கொஞ்சம் கோணல். ஆனால் என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியும்.

இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. மீட்டரைப் பிடித்திருந்தவர் பெயர்.

அதற்கு அட்டவணை வேண்டியதில்லை. இந்த வகுப்பில் முதல் நாளே டீச்சர் என் கையைப் பிடித்து எழுத வைத்த பெயர்தான் அது.