முக்கால் மாமா

சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைத்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. மேசை முழுக்க பைக் எஞ்சின். அவனும் மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பார்ப்பேன். அன்னிக்கும் வண்டி ஓடலேன்னா பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போவார்" என்றாள் மனைவி. சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவள் மேல் தப்பில்லை. அவன் ஆரம்பித்த எதுவும் முடிந்ததில்லை. கூடத்தில் மூன்று சுவருக்குத்தான் நீலம் அடித்திருந்தான். புத்தக அலமாரிக்கு நாலு வருஷமாகக் கதவு வரவில்லை. தபால் வழியில் படித்த படிப்புக்குக் கடைசிப் பரீட்சையை மட்டும் எழுதவில்லை.

அதனால்தான் மனைவியின் தம்பி அவனுக்கு 'முக்கால் மாமா' என்று பேர் வைத்திருந்தான். மச்சானுக்கு அடுத்த தெருவில் பைக் மெக்கானிக் கடை. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிஸ்டன் மாட்டும் வேலை. பிஸ்டனைக் கோத்திருக்கும் 'பின்' என்கிற கம்பி நழுவாமல் பிடிக்க ஒரு லாக் உண்டு. நகம் அளவு வளையக் கம்பி. கை தவறினால் துள்ளி எஞ்சின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். துவைத்த துணிக் குவியலில் கைக்கு வந்தது மகளின் மஞ்சள் சாக்ஸ் ஒன்று. அதை எடுத்து எஞ்சினின் திறந்த வாயில் திணித்துக்கொண்டு லாக்கை அழுத்தினான். டிக். முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து நின்றான்.

"என்ன முக்கால் மாமா, ஆபரேஷன் முடிஞ்சுதா? ஆள் பிழைப்பாரா?"

"உன் கடையில விட்டிருந்தா எப்பவோ செத்திருக்கும்."

"நான் வேணா ஒரு பார்வை பார்க்கட்டுமா?"

"கை வெச்சே, கையை உடைப்பேன்."

"உடைங்க. அதையாவது முழுசா உடைங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டறேன்டா. ஓடிச்சுன்னா, தெருவே கேட்கற மாதிரி 'முழு மாமா'ன்னு நீ கூப்பிடணும்."

"ஓடலேன்னா?"

"சாகற வரைக்கும் முக்கால்னே கூப்பிடு."

வந்த கோபத்தில் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கிப் பிஸ்டன் மேல் இறக்கினான். அதன் மேல் மூடி மாதிரி ஹெட்டை வைத்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான்.

"மாமா, அந்த..." என்று ஆரம்பித்தான் மச்சான்.

"வாயைத் திறக்காதே. கிளம்பு."

மச்சான் கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை முழுக்க அவனுக்கு ஆபீஸ். ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக எஞ்சினைத் தூக்கி வண்டியில் மாட்டினார்கள். பந்தயத்தைப் பார்க்க மச்சானும் வந்துவிட்டான். அவன் ஆயில் ஊற்றினான். போல்ட்டுகளை ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். ஒன்றுகூட அசையவில்லை.

"பார்த்தியா, எப்படி முறுக்கியிருக்கேன்!" என்றான் மனைவியிடம்.

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி வானத்தைப் பார்த்தான்.

முதல் உதை. ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு இருமல்.

"அக்கா, இரும்புக்காரருக்கு போன் போடட்டுமா?"

மூன்றாவது உதைக்கு சைலன்சர் வெள்ளையாகப் புகை கக்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரே தாளத்தில், தடுமாறாமல் ஓடியது.

மனைவி கை தட்டினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனுக்காக அவள் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

"சொல்லுடா!"

"முழு மாமா! முழு மாமா! முழு மாமா!" மச்சான் கத்திய கத்தலில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "தோத்துட்டேன், போதுமா?" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

"மூஞ்சியைப் பார்த்தியா? வயித்தெரிச்சல்!" என்றான் அவன்.

முதல் சவாரிக்கு மகள் ஷூவும் கையுமாக ஓடி வந்து படியில் உட்கார்ந்தாள். வலது காலில் மஞ்சள் சாக்ஸை இழுத்துவிட்டாள்.

மஞ்சள்.

அவனுக்கு அதன் ஜோடியை எஞ்சினுக்குள் திணித்தது ஞாபகம் இருந்தது. வெளியே எடுத்தது ஞாபகம் இல்லை. எடுத்தால்தானே!

பாய்ந்து எஞ்சினை அணைத்தான். இந்நேரம் சாக்ஸ் நார்நாராகக் கிழிந்து ஆயில் போகிற வழியெல்லாம் அடைத்திருக்கும். மறுபடி மேசை. மறுபடி முக்கால்.

"இன்னொரு சாக்ஸ் எங்கம்மா?" என்றான்.

"இதோ." ஷூவுக்குள்ளிருந்து எடுத்து இடது காலில் மாட்டினாள். எங்கேயும் கிழியாத முழு சாக்ஸ். குதிகால் பக்கம் மட்டும் ஒரு ஆயில் கறை, வெளுத்தும் போகாமல் இருந்தது.

போன உயிர் வந்தது. அப்படியே படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எங்கே இருந்துச்சு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

"நேத்து மாமா கடையைப் பூட்டிட்டு வந்து, எஞ்சினைக் கழட்டி இதை எடுத்துத் துவைச்சுக் குடுத்தார்ப்பா. 'மத்ததெல்லாம் உங்கப்பா சரியாத்தான் மாட்டியிருக்கார். இதை அவர்கிட்ட சொல்லிட்டா, அப்புறம் நாளைக்கு நான் எப்படித் தோக்கறது?'ன்னார்."