அப்பா ஜாடை

"டாக்டரம்மா, இது வியாதி இல்ல. எங்க வம்சத்து முகம்!"

ஜெயவேலு சொல்லிவிட்டு, சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தன் முகத்தையும் முன்னால் நீட்டினார். நீள முகம், துருத்திய மேல்பல், உள்வாங்கிய தாடை, மூடாத வாய். பக்கத்து நாற்காலியில் பன் தின்றுகொண்டிருந்த ஏழு வயது மகள் கிளியம்மாளுக்கும் அதே முகம். அச்சில் வார்த்த மாதிரி.

மேற்குத் தாம்பரத்துப் பல் டாக்டர் அருள்மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வம்சம் இருக்கட்டும் சார். மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்து அடைச்சிருக்கு. அதனால வாயால மூச்சு விடறா. வாய் திறந்தே இருந்தா மேல்தாடை விரியாது. பல்லு முன்னால தள்ளும், முகம் நீண்டுக்கிட்டே போகும். மூக்கு டாக்டர்கிட்ட சதையை எடுத்துட்டு வாங்க, நான் கிளிப் போடறேன். வளர்ற வயசு, முகமே மாறிடும்."

"மாறவே வேணாம்மா!" ஜெயவேலு பதறினார். "ராஜகீழ்ப்பாக்கத்துல என் சிமென்ட் கடைக்கு வந்து பாருங்க. இவ கல்லாவாண்ட உக்காந்தா, 'இன்னா குட்டி ஜெயவேலு, அப்பா எங்க?'ன்னுதான் கேப்பாங்க. அப்பா ஜாடையில பொண்ணு இருந்தா யோகமாம்."

"யோகத்தை வெச்சு மூச்சு விட முடியுமா?" மனைவி சாமுண்டீஸ்வரி குறுக்கே புகுந்தாள். "படுத்தா குறட்டை. கிளாஸ்ல தூங்கி வழியறா. வெள்ளிக்கிழமை டி.வி. பாட்டுக்குக்கூட முழிச்சிருக்க மாட்டேங்கறா. வாயில ஈ பூந்துடும்னு பசங்க கிண்டல் வேற. இவருக்கு ஜாடைதான் பெரிசாப் போச்சு டாக்டர்!"

கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ஜெயவேலு மகளிடம் திரும்பினார். "வாயை மூடிக்கினு தின்னேம்மா."

கிளியம்மாள் மென்றாள், நிறுத்தினாள், வாய் பிளந்து மூச்சு வாங்கினாள், மறுபடி மென்றாள்.

"வாயை மூடினா மூச்சு நின்னுடும்பா. உனக்கும் அப்படித்தானே?"

ஜெயவேலு மகளின் வாயோரத்துப் பன் துணுக்கைத் துடைத்துவிட்டார். கல்யாணப் பந்திகளில் எல்லோரும் எழுந்து போன பிறகும் மென்றுகொண்டே உட்கார்ந்திருப்பவர் அவர். அந்தக் கூச்சம் இவளுக்கும் வர வேண்டுமா?

"அம்மாகூடப் போயி வெளிய மீன் தொட்டி பாரு, கண்ணு."

இருவரும் போனதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணிடலாம்மா. ஜாடை போனா போவுது. என் பொண்ணு நிம்மதியா ஒரு வாய் சாப்பிடட்டும்."

"எதுக்கு சார் இவ்ளோ கவலை?" அருள்மேரி ஆறுதலாகச் சொன்னார். "வாயும் தாடையும்தான் சரியாகும். மத்தபடி உங்க ரத்தம். உங்க ஜாடை எங்க போயிடப் போவுது?"

ஜெயவேலு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"போயிடும்மா, அதான் பயமே. பச்சக் குழந்தையா இவளைத் தத்து எடுத்த கையோட, சொந்த ஊரு படப்பையை விட்டே வந்துட்டோம். இந்த ஜாடையைப் பார்த்துதான், இவ யாரு பெத்த பொண்ணுன்னு இத்தினி வருஷமா ஒருத்தரும் கேக்கல."