கிரைண்டரும் கப்பலேறட்டும்

"இந்தக் கிரைண்டரை விட்டுட்டுப் போனியின்னா, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத கௌசரு" என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டு சரோஜம்மாள் கிரைண்டர் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

இலியாஸுக்கு எரிச்சலாக வந்தது. ஓசூர் சிப்காட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, அவனையும் மனைவி கௌசரையும் ஜெர்மனிக்கு, மியூனிக் நகரத்துக்கு அனுப்புகிறது. வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பும் செலவும் கம்பெனியுடையதுதான். பேக்கிங் ஆட்கள் அட்டைப் பெட்டியும் டேப்புமாக வந்து காத்திருக்கிறார்கள்.

"அம்மா, அங்க குடுக்கறது ரெண்டே ரூமு. இதை எங்க வைக்கிறது, என் தலைமேலயா?"

"சமையக்கட்டுல ஓரமா வைங்க தம்பி. கரண்டும் நம்ம ஊரு கரண்டு மாதிரிதானாம். பிளக்கை மட்டும் மாத்துனா ஓடும்."

கௌசர் ஒரு துணியால் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்த கிரைண்டர் அது. விட்டுப் போக மனசே இல்லை. கணவனிடம் சொல்லத்தான் பயம்.

அந்தத் தெருவில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால் போதும், வழியனுப்ப வருகிறவர்களின் கண் முழுக்க சாமான் மேல்தான் இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் கங்கப்பன் பக்கத்து ஊரான தளியிலிருந்து ஒரு மூட்டை முட்டைக்கோஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாரம்மா பீரோவை முழம் போட்டே அளந்துவிட்டாள். சரோஜம்மாள் ஒருத்திதான் ஒரு ஸ்பூன்கூடக் கேட்கவில்லை.

கௌசர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவரு சொல்றதும் சரிதான்மா. பேசாம இதை நீங்களே எடுத்துக்கோங்க."

சரோஜம்மாள் பதறிப்போனாள். "எனக்கா? நல்லா இருக்குதே கதை. உங்கம்மா உனக்குக் குடுத்தது கண்ணு. அது கப்பலேறியே ஆவணும்."

"சரி, கிரைண்டர் வரட்டும். ஊஞ்சல் எதுக்கு?" என்றான் இலியாஸ். "அங்க கூரையில ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க."

"ஊஞ்சலுக்கு ஸ்டேண்டே தனியா விக்கிது தம்பி. இவ அதுல ஒக்காராம ஒரு நா இருந்திருக்காளா?"

"அந்தப் பிரியாணி தேக்சா? அம்பது பேருக்கு ஆக்கற ஏனம். அங்க எங்களுக்கு யாரைத் தெரியும்?"

"போனதும் தெரிஞ்சிடும். நம்ம ஊரு ஆளுங்க தேடிக்கிட்டு வருவாங்க, பாருங்க."

இலியாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். பேக்கிங் ஆட்கள் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் ஏத்துங்கப்பா. அப்படியே இந்தம்மாவையும் ஒரு பெட்டியில போட்டு ஒட்டிடுங்க" என்றான்.

அவர்கள் சிரித்தார்கள். சரோஜம்மாளுக்குச் சிரிக்க நேரமில்லை. "கல்லுக்கு இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்கப்பா. விரிசல் உட்டா மாவு நைஸா வராது" என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். தேக்சா நசுங்காமல் இருக்க, உள்ளே கௌசரின் தலையணைகளைத் திணிக்கச் சொன்னதும் அவள்தான்.

லாரி பாகலூர் ரோட்டில் திரும்பி மறைந்ததும், கௌசர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

"எல்லாரும் என்ன கிடைக்கும்னுதான் வந்தாங்கம்மா. நான் ஆசைப்பட்டதெல்லாம் எங்கூட வரணும்னு நினைச்சது நீங்க ஒருத்தருதான்."

"என் பொண்ணை மனசுல வச்சுத்தான் கண்ணு சொன்னேன்" என்றாள் சரோஜம்மாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"அருணா, ஊஞ்சல் மொதக்கொண்டு எல்லாம் ஏறிடுச்சுடி. நீ போன மாசம் மியூனிக்குக்குக் குடிமாறுனதை இங்க ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடல. சாமான் வந்து எறங்கற அன்னிக்குச் சும்மா பாக்கப் போற மாதிரி போய் நில்லு, வைக்க எடமில்லாம அவங்களே உன் தலையில கட்டிடுவாங்க. அதுக்குள்ள நீ அவசரப்பட்டு கிரைண்டர் வாங்கிடாத."