காலியாக விட்ட கட்டம்

காலை வெயில் திருத்தணி மலைமேலும், ஸ்டேஷனில் நின்றிருக்கும் மெட்ராஸ் ரயிலின் ஜன்னலுக்குள்ளும் விழுகிறது. ஜன்னலோரம் காஞ்சனா. கம்ப்யூட்டருக்காகச் சி மொழியில் எழுதிய, தகவல்களை வரிசையாக அடுக்கும் ஒரு ஸ்ட்ரக்சரை மடியிலிருக்கும் கட்டம்போட்ட தாளில் பென்சிலால் அசெம்பிளி மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது ஓடியாக வேண்டும். பக்கத்து இடத்தில் அவளுடைய மடித்த கைக்குட்டை இடம் பிடித்திருக்கிறது. எதிரே லுங்கி மூட்டையை அணைத்தபடி பொதட்டூர்பேட்டைக் கன்னியம்மாள் அந்தப் பென்சிலையே பார்க்கிறாள். "ஏம்மா, நடுவுல ஒரு கட்டத்தைச் சும்மா உட்டுகினு போறியே?" "வேணும்னுதாங்க. எழுத்துக்கு ஒரு பைட், ஒரு கட்டம் போதும். அடுத்து வர்ற நம்பரு ரெட்டைப்படை எடத்துலதான் உக்காரும். சி-ன்னா தானா எடம் உட்டுடும், இதுல நாமதான் உடணும். மறந்தா பின்னாடி இருக்கறதெல்லாம் எடம் மாறிப்பூடும்." "ஆங்" என்கிறாள் கன்னியம்மாள். புரிந்ததா என்று தெரியவில்லை. கார்டு விசில் ஊதுகிறார். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒருவர் கைக்குட்டையைத் தொடுகிறார். "காலிதானே?" காஞ்சனா வாய் திறப்பதற்குள், "ஆள் வருதுங்க" என்கிறாள் கன்னியம்மாள். பென்சில் நின்றுவிட்டது, காஞ்சனாவின் கண் பிளாட்பாரத்தில் இருக்கிறது. வண்டி நகர்கிறது. டிபன்பாக்ஸ் கடகடக்க ஓடிவந்து ஏறுகிறான், அவளோடு வேலை செய்யும் வேணு. கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்கிறான். அவளிடம் திருப்பித் தரவில்லை. அதிலேயே முகத்தைத் துடைத்து, தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறான். காஞ்சனா அவசரமாகத் தாளில் குனிகிறாள். கன்னியம்மாள் மூட்டையைத் தட்டிக்கொண்டே சொல்கிறாள்: "எதுவும் எடம் மாறலம்மா."