தாம்பாளத்தில் கழற்றிவைத்த அறிவு

மனித குலம் அறியாமையை அடியோடு ஒழித்துவிட்டது. மிளகளவு கருவி ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டால் போதும், தெரியாதது என்று எதுவுமே இல்லை. அதனால்தான் பெண் பார்க்கப் போன வீடுகளில் அதைக் கழற்றித் தாம்பாளத்தில் வைக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தச் சரக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். விடை தவறினால் காபியோடு அனுப்பிவிடுவார்கள்.

பெண் பார்க்க வந்திருந்த இளம்பரிதி தன் கருவியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தான். நறுமுகையை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சபை மரியாதைக்காக எல்லோருமே கருவியைக் கழற்றினார்கள். பெண்ணின் அப்பா மயில்வாகனம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வித்தாளைப் பிரித்தார்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம், மாப்பிள்ளை?"

போச்சு என்று நினைத்தான். "தெரியலைங்க மாமா. எத்தனைங்க?"

மயில்வாகனம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. அவர் கை தானாகக் காதுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"விடைய எழுதி வைக்கலையாப்பா?" நறுமுகை வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. தெரியலைன்னு சொல்லவாவது தெரியுதே!"

கூடமே சிரித்தது. சர்க்கரை வழங்கினார்கள். முகூர்த்தம் குறிக்கப் பஞ்சாங்கத்தையும் எடுத்துவந்தார்கள்.

அன்றைக்கு என்ன தேதி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.