இரண்டாவது பாட்டில்

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிற மனுஷனுக்கு அரை அங்குல ஊசியைப் பார்க்கப் பயம்.

"சீக்கிரம் போடு, நர்ஸம்மா. டூட்டிக்கு நேரமாச்சு."

அவனுக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. அவன் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஊசி முனையில் ஒரு சொட்டைத் தட்டிவிட்டு, தோளுக்குக் கீழே பட்டென்று குத்தி எடுத்தாள்.

"இது ரத்தத்தைக் கெட்டியாக்கும். தூக்கத்துலயே இதயம் நின்னு போனவங்க இருக்காங்க. தெரியுமில்ல?"

"போடாதவன் இருபதாவதா வர்றான். அவன் செத்தாக்கூட பேப்பர்ல போடமாட்டாங்க." சிரித்தான். "நீ போடலைன்னா நெட்டை போட்டுவிடுவான். எது தேவலை?"

நெட்டை அவனோடு ஓடுகிற கூட்டாளி. ஊக்கமருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். அன்றைக்கு இவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து பெட்டியைக் கேட்டாள்.

"சோதனைக்காரங்க எந்த நேரமும் வீட்டுக்கு வந்து நிப்பாங்க. இதை நம்ம ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. கிளினிக்ல வெச்சு, வேணுங்கறப்ப நானே ஊசியில ஏத்திக் கொண்டுவந்து போடறேன். வேற யார் கையும் படக்கூடாது."

அவன் வாயைப் பிளந்தான். "அடிப்பாவி. நீ என்னைவிடப் பெரிய திருடியா இருக்கியே."

ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று ஊசி. போட்டியன்று கடைசி எட்டுக் கிலோமீட்டரில், முன்னால் போன நாலு பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி அவன் முதலாவதாக வந்தான். எட்டு வருஷ ஓட்டத்தில் அது முதல் தடவை.

மூச்சு அடங்குவதற்குள் சோதனைக்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். சிறுநீரை இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றி, மூடியை அவன் கையாலேயே இறுக்கவைத்தார்கள். ஒன்றை உடனே சோதிப்பார்கள். மற்றது பல வருஷம் குளிரில் கிடக்கும்.

பதினெட்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் நின்றாலும் ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அவள் எப்போதும்போலச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள்.

"உனக்குக் கல் மனசுடி" என்றான்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. நெட்டை ஓடிவந்து அவனைத் தூக்கிச் சுற்றினான். "நான் சொல்லல? அவங்க கண்ணுல மண்ணைத் தூவற சரக்குடா இது."

அடுத்த போட்டிக்கு மலையில் ஒரு மாதப் பயிற்சி முகாம். பஸ் ஏற்றிவிட வந்தவள் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே அது வேண்டாங்க. உங்க காலே போதும்."

"கால் எட்டு வருஷமா இருக்கு. ஜெயிச்சது இந்த வருஷம்தானே?"

அந்த முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது, நாக்கு எழவில்லை. பஸ் போய்விட்டது.

இரண்டாவது வாரம் போனில் சொன்னான்: "நெட்டை புதுசா ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கான். நல்லாவே ஊசி போடறான். போன தடவை அந்த அளவுக்கே முதலாவது வந்தேன். இப்ப ரெண்டு மடங்கா ஏத்தியாச்சு."

"உடனே நிறுத்துங்க. நான் கிளம்பி வர்றேன். நேர்ல ஒண்ணு பேசணும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஓய்வு. அன்னிக்கு வா."

சனிக்கிழமை காலை பயிற்சிக்கு எழுப்பப் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

கட்டிலுக்கடியில் காலி மருந்துச் சீசாக்கள் கிடந்தன. அப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவன் ஜெயித்ததும் இதனால்தான் என்று ஊரே முடிவு கட்டியது. குளிரில் கிடக்கும் இரண்டாவது பாட்டிலைப் புது மெஷினில் சோதிக்கப்போவதாக ஓட்டக்காரர் சங்கம் அறிவித்தது.

ஐந்து மாதம் கழித்து, மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, நெட்டை கிளினிக்குக்கு வந்தான். ஓடுவதை விட்டுவிட்டதால் உடம்பு ஊதியிருந்தது. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை நீட்டினான்.

"சங்கத்துலேருந்து ரிசல்ட் வந்திருக்கு, தங்கச்சி."

"எதுவும் இல்லைன்னு போட்டிருக்கும்."

"ஆமா. நாலு விதமா சோதிச்சிருக்காங்க. முதல் இடம் அவன் பேர்லயே இருக்குமாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆனா எவன் நம்பறான்? புது மெஷினுக்கும் பிடிபடல, அவ்வளவுதான்னு சிரிக்கிறாங்க. எனக்கே ஆச்சரியமாதான் இருக்கு. எவ்வளவு ஏத்தினோம், ஒரு துளிகூடவா அகப்படாது?"

அவள் கடிதத்தை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"அகப்பட அதுல என்ன இருக்குண்ணே? அந்த ஆறு வாரமும் நான் அவருக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி."